'குட்' என்று எழுதிய ஆண்டு

மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை நடத்துகிறவர்களுக்கு ஐந்து சொற்கள் மனப்பாடம்: அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், ஆவரேஜ், பிலோ ஆவரேஜ். ஆண்டுதோறும் மேலதிகாரி தன் கீழ் வேலை பார்ப்பவரைப் பற்றி எழுதும் ரகசிய அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் இந்த ஐந்தில் ஒன்று இருக்கும். அலுவலகங்களில் அதை 'சி.ஆர்.' என்பார்கள். 2008-09 அறிக்கையிலிருந்து பெயரும் முறையும் மாறின. அதற்கு முந்தைய சி.ஆர்.கள் கிளப்பிய வழக்குகள் மட்டும் பல ஆண்டுகள் ஓடின. அவற்றில் ஒன்றை நான் மறக்கவே இல்லை.

வழக்குத் தொடுத்தவர் மத்திய அரசின் கட்டுமானப் பிரிவு ஒன்றில் செயற்பொறியாளர். 2007 இறுதியில் கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்கான துறைப் பதவி உயர்வுக் குழு, அதாவது டி.பி.சி., கூடியது. 2001-02 முதல் 2005-06 வரையிலான ஐந்து சி.ஆர்.களைப் பார்த்தது. அந்தப் பதவிக்கு 'வெரி குட்' பெஞ்ச்மார்க். ரூ.12,000-16,500 ஊதிய விகிதத்திலும் அதற்கு மேலும் உள்ள பதவிகளுக்கு அதுதான் அளவு என்று மத்தியப் பணியாளர் துறை 2002 பிப்ரவரியில் உத்தரவிட்டிருந்தது. பட்டியல் வெளியானபோது இவர் பெயர் இல்லை. பணிமூப்பில் இவருக்கு அடுத்திருந்தவர் பெயர் இருந்தது.

காரணம் கேட்டு எழுதினார். 'குழு தங்களைப் பரிந்துரைக்கவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, மேல்முறையீடும் செய்து, சி.ஆர். நகல்களை வாங்குவதற்குள் 2009 ஆகிவிட்டது. ஐந்து ஆண்டுகளில் ஒன்று அவுட்ஸ்டாண்டிங். மூன்று வெரி குட். 2003-04 மட்டும் குட். அதை உயர்த்தித் தரும்படி மனு கொடுத்தார். காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள். அந்த உத்தரவோடுதான் என்னிடம் வந்தார்.

2003-04 அறிக்கையை அன்றிரவு நான் வரிக்கு வரி படித்தேன். வேலையின் தரம், துறை அறிவு, முடிவெடுக்கும் திறன், முன்முயற்சி, கீழே உள்ளவர்களை ஊக்குவித்து வேலை வாங்கும் ஆற்றல், எழுத்திலும் பேச்சிலும் தெளிவு என்று தனித்தனிக் கட்டங்கள். இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 'வெரி குட்' இருந்தது. நேர்மை பற்றிய கட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியிருந்தது. அதிகாரி தன் சொந்த வார்த்தைகளில் எழுதும் பத்தியில், மழைக்காலத்தில் நின்றுபோயிருந்த பணியை இவர் கெடுவுக்கு முன்பே முடித்ததைப் பாராட்டி, கடினமான பொறுப்புகளை நம்பி ஒப்படைக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே, ஒட்டுமொத்த மதிப்பீடு: குட். இந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணமும் இல்லை. மறுஆய்வு அதிகாரி 'ஏற்கிறேன்' என்று கையெழுத்திட்டிருந்தார்.

சட்டம் அப்போது இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது. பாதகமான குறிப்பை மட்டும் ஊழியருக்குச் சொன்னால் போதும் என்பது பழைய வழக்கம். 'குட்' பாதகம் ஆகுமா? 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. அவர் எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளர். 1993-94இல் கிடைத்த ஒரு 'குட்' அவரைக் கண்காணிப்புப் பொறியாளர் ஆகவிடாமல் தடுத்தது. நீதிபதிகள் எச்.கே. சேமா, மார்க்கண்டேய கட்ஜு ஆகியோர் அமர்வு சொன்னது இதுதான்: குறிப்புக்கு என்ன பெயர் என்பது முக்கியமில்லை, அது என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதே முக்கியம். பெஞ்ச்மார்க் 'வெரி குட்' ஆக இருக்கும்போது 'குட்' ஒருவரைப் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுகிறது. ஆகவே எல்லா மதிப்பீடுகளையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும். தேவ் தத் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். இருந்தும் அவருடைய மனுவைக் கேட்டு முடிவெடுக்கவும், மதிப்பீடு உயர்ந்து பதவி உயர்வும் கிடைத்தால் நிலுவையை 8 சதவீத வட்டியுடன் கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பணி வழக்குகளில் நான் பெரிதும் மதிக்கும் தீர்ப்பு அது. ஆனால் 2006இல் சத்ய நாராயண் சுக்லா வழக்கில் அதே நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருந்தது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும்.

மனு எழுத உட்காருவதற்கு முன் எந்தக் கட்சிக்காரரிடமும் நான் ஒன்றைக் கேட்பது வழக்கம்.

"என்னென்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

"அந்த 'குட்' போகணும் சார். அது ரொம்ப முக்கியம். சீனியாரிட்டியில ஜூனியருக்கு மேல என் பேர் வரணும், அதுவும் முக்கியம்தான். சம்பள பாக்கி வந்தா நல்லது. அந்த ஆபீசரைப் பேர் போட்டு இழுக்கறது மட்டும் வேண்டாம்."

ரொம்ப முக்கியம், முக்கியம், வந்தா நல்லது, வேண்டாம். கட்சிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். வழக்கறிஞர்களான நாம் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றிக்கொள்வோம். இவ்வளவு நிலுவை, இவ்வளவு ஓய்வூதியம், ஆகமொத்தம் இவ்வளவுக்கு வழக்கு. அப்படி மாற்றும்போது 'ரொம்ப முக்கியம்' என்று சொன்னது கூட்டுத்தொகைக்குள் கரைந்துபோகும். இரண்டு 'முக்கியம்' சேர்ந்தால் ஒரு 'ரொம்ப முக்கிய'த்துக்குச் சமமா? பெரிய 'வந்தா நல்லது' ஒன்று வந்தால் 'முக்கியம்' என்பதை விட்டுக்கொடுக்கலாமா? சொன்னவரைக் கேட்காமல் இதை யாரும் முடிவு செய்யக் கூடாது.

அதனால் கேட்டேன். "பணம் முழுசா வருது, 'குட்' அப்படியே இருக்கு. இல்ல, 'குட்' மாறுது, ஒரு பைசா வரல. எது?"

"ரெண்டாவது." யோசிக்கவே இல்லை.

"சரி. பதவி வருது, 'குட்' இருக்கு. இல்ல, 'குட்' போகுது, பதவி வரல."

இதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். "அப்பவும் 'குட்' போகணும் சார். நான் அந்த வருஷம் பார்த்த வேலை எனக்குத் தெரியும்."

'வேண்டாம்' என்றதையும் விசாரித்தேன். அது மற்ற மூன்றைப் போல எடை போட்டுப் பார்க்கும் விஷயமாக இல்லை, தாண்டக் கூடாத வேலியாக இருந்தது. அதிகாரியைப் பெயர் சொல்லிக் கட்சியாகச் சேர்க்காவிட்டால் அவர் உள்நோக்கத்தோடு எழுதினார் என்ற வாதத்தை எடுக்கவே முடியாது. கையில் இருக்கும் ஒரு ஆயுதம் போகும் என்று விளக்கினேன். போகட்டும் என்றார். அவர் வரிசைப்படியே வேண்டுகோள்களை எழுதினேன்: முதலில் 2003-04 மதிப்பீடு, அடுத்து மறுஆய்வு டி.பி.சி.யும் பணிமூப்பும், கடைசியில் நிலுவை.

2010இல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுத் தாக்கல் ஆனது. துறையின் பதிலுரையில் இரண்டு பத்திகள் என் கண்ணில் பட்டன. 'குட்' பாதகமான குறிப்பு இல்லை, ஆகவே மனுதாரருக்கு அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை எழவில்லை என்றது ஒரு பத்தி. 2003-04இல் 'குட்' இருந்ததால்தான் குழு மனுதாரரைத் தகுதியற்றவர் என்று முடிவு செய்தது என்றது இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்து மறுபதிலுரையோடு இணைத்தேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தூது வந்தது. மனுவைத் திரும்பப் பெற்றால் அடுத்த டி.பி.சி.யில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. 2010 ஏப்ரலில் பணியாளர் துறை புதிய உத்தரவு ஒன்று போட்டிருந்தது. இனி கூடும் குழுக்கள் 2008-09க்கு முந்தைய சி.ஆர்.களைப் பார்க்கும்போது, அவற்றில் பெஞ்ச்மார்க்குக்குக் கீழே ஏதும் இருந்தால் முதலில் ஊழியருக்கு நகல் கொடுத்து மனுச் செய்ய வாய்ப்பளிக்க வேண்டும் என்றது அது. பதவி சீக்கிரம் வந்திருக்கும். ஆனால் அடுத்த குழு 2003-04ஐப் பார்க்கவே பார்க்காது, ஐந்து ஆண்டு வரம்பு அதைத் தாண்டிப் போயிருக்கும். அந்த 'குட்' தொடப்படாமல் அப்படியே கிடக்கும். பணிமூப்பும் போகும். முன்பு கேட்டு வைத்திருந்த கேள்விகள் அன்று உதவின. ஃபோனில் அவருக்கு விவரம் சொன்னேன், அவர் மறுத்தார், நான் துறை வழக்கறிஞரிடம் தெரிவித்தேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இறுதி விசாரணைக்கு முன் என் கட்சிக்காரர் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தார். முதுநிலைப் படிப்பில் ஃபஸி லாஜிக் படித்தவர். 1965இல் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி ஸாடே தொடங்கிவைத்த துறை அது. 'நன்று', 'மிக நன்று' போன்ற சொற்களுக்கு நடுவே கோடு கிழிக்க முடியாது, ஒருவர் ஓரளவுக்கு இதிலும் ஓரளவுக்கு அதிலும் இருக்கலாம் என்பதைக் கணக்காக எழுதும் வழி. ரிச்சர்ட் பெல்மனும் ஸாடேயும் சேர்ந்து 1970இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னார். பல நோக்கங்களை ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டும் என்றால், ஒவ்வொரு வாய்ப்பையும் அது எந்த நோக்கத்தில் மிகவும் பின்தங்கியிருக்கிறதோ அதை வைத்தே அளப்பது ஒரு முறை. ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் கூடியதால் ஈடுகட்டி, சராசரி பார்ப்பது இன்னொரு முறை. "ரெண்டும் சரிதான் சார். எதை எடுத்தோம்னு முதல்லயே சொல்லிடணும், எல்லாருக்கும் அதையே போடணும். அவ்வளவுதான்."

தீர்ப்பாயத்தில் ஸாடேயை மேற்கோள் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வழக்கின் நடுநரம்பு அந்தத் தாளில் இருந்தது.

எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் நன்றாகவே வாதாடினார். தேர்வுக் குழுவின் வேலையை நீதிமன்றம் செய்ய முடியாது என்பது அவர் வாதத்தின் அச்சு. ஆர்.எஸ். தாஸ் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினார். மாநிலப் பணியிலிருந்து ஐ.ஏ.எஸ்.ஸுக்கு உயர்த்தும் குழு அதிகாரிகளை அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், தகுதியற்றவர் என்று வகைப்படுத்துகிறது. மூத்தவரைத் தாண்டி இளையவரை எடுத்ததற்குத் தனியாகக் காரணம் எழுத வேண்டியதில்லை என்று அங்கே தீர்ப்பானது. சுக்லா தீர்ப்பையும் எடுத்து வைத்தார். நான் தேவ் தத்தையும், 2008 அக்டோபரில் அபிஜித் கோஷ் தஸ்திதார் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பையும் வைத்தேன். தெரிவிக்கப்படாத 'குட்'டைப் பதவி உயர்வில் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு.

குழுவின் கோப்பை அமர்வு வரவழைத்தது. படித்துப் பார்த்துவிட்டு எங்களையும் பார்க்க அனுமதித்தது. நடவடிக்கைக் குறிப்பு ஒரே ஓர் அட்டவணை. பெயர், ஐந்து ஆண்டு மதிப்பீடு, கடைசியில் 'தகுதி' அல்லது 'தகுதியில்லை'. பதவி உயர்வு பெற்ற இளையவரின் வரிசையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. நான்கு வெரி குட், ஒரு குட். அவருக்கும் ஒரு 'குட்' இருந்திருக்கிறது. 'தகுதி' என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மதியம், குழு மதிப்பிட்டிருக்கக்கூடிய மூன்று வழிகளை அமர்வின் முன் ஒவ்வொன்றாக வைத்தேன். ஐந்து ஆண்டும் தனித்தனியே 'வெரி குட்'டைத் தொட வேண்டும் என்றால், இருவருமே விழுகிறார்கள். சராசரி பார்ப்போம். பணியாளர் துறையே பின்னால் கொண்டுவந்த கணக்கின்படி அவுட்ஸ்டாண்டிங்குக்கு 9, வெரி குட்டுக்கு 7, குட்டுக்கு 5. இந்தக் கணக்கு அந்த ஆண்டுகளுக்குப் பொருந்தாது, ஒப்பீட்டுக்காக மட்டும் காட்டுகிறேன் என்று முதலிலேயே சொன்னேன். மனுதாரர் மொத்தம் 35, சராசரி 7. இளையவர் மொத்தம் 33, சராசரி 6.6. அதே கணக்கில் இரண்டுமே 'வெரி குட்' வரம்புக்குள் வருகின்றன. மூன்றாவது வழி, கடைசிச் சொல்லை விட்டுவிட்டு உள்ளே உள்ள கட்டங்களைப் படிப்பது. 1989 ஏப்ரல் 10ஆம் தேதி வழிகாட்டுதல் டி.பி.சி.க்குச் சொல்வது அதைத்தான். ஒட்டுமொத்த மதிப்பீடு சில நேரம் தனித்தனிக் கட்டங்களுக்கு முரணாக இருப்பதைக் கண்டிருப்பதால், குழு அந்த மதிப்பீட்டை மட்டும் பார்க்காமல் குறிப்புகளைப் படித்துத் தானே முடிவு செய்ய வேண்டும் என்று அது காரணத்தோடு சொல்கிறது. அப்படிப் பார்த்தால் இருவரும் தேறுகிறார்கள். எந்த ஒரு வழியில் போனாலும் இருவரும் சேர்ந்தே தேறுவார்கள் அல்லது சேர்ந்தே தவறுவார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்ற முடிவு எந்த வழியிலும் வராது. ஒருவருக்கு ஒரு முறையும் இன்னொருவருக்கு வேறு முறையும் எடுத்தால்தான் வரும். காரணம் எழுத வேண்டாம் என்றுதான் ஆர்.எஸ். தாஸ் சொன்னது, ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை.

அமர்வின் நிர்வாக உறுப்பினர் அரசுப் பணியில் பல ஆண்டுகள் சி.ஆர். எழுதியவர். அவர் கேட்ட கேள்வியை நான் யோசித்திருக்கவில்லை: "2003-04இல் அந்த அதிகாரி தன் கீழிருந்த மற்றவர்களுக்கு என்ன எழுதினார்?" துறை அவகாசம் வாங்கிப் பட்டியல் கொடுத்தது. அந்த ஆண்டு அவரிடமிருந்து 'குட்'டுக்கு மேல் யாருக்கும் போகவில்லை. ஒரு மேசையில் தாராளமாகப் புழங்கும் சொல் இன்னொரு மேசையில் யாருக்குமே கிடைக்காது என்பதை எல்லா அலுவலகத்திலும் அறிவார்கள். பதவி உயர்வுக் குழுவின் அட்டவணையில் மட்டும் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் அநீதியாகப் படுவது இதுதான். கஞ்சமாக எழுதும் அதிகாரியிடம் வேலை பார்க்க நேர்ந்தவர் தன் குற்றம் எதுவும் இல்லாமல் ஓர் ஆண்டை இழக்கிறார், அதோடு பதவியையும் இழக்கிறார்.

2012இல் தீர்ப்பு வந்தது. நிராகரிப்பு உத்தரவு ரத்து. 2003-04 மதிப்பீட்டை, அதன் உட்கட்டங்களையும் அதே அதிகாரி மற்றவர்களுக்கு எழுதியதையும் கருத்தில் கொண்டு, காரணம் எழுதி மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதன் பிறகு மறுஆய்வு டி.பி.சி. கூட்ட வேண்டும். தகுதி என்று கண்டால் இளையவர் உயர்ந்த தேதியிலிருந்து பதவியும் பணிமூப்பும், ஓய்வூதியத்துக்காக ஊதிய நிர்ணயமும் கொடுக்க வேண்டும். அந்தப் பதவியில் உண்மையில் வேலை பார்க்காத காலத்துக்கு நிலுவை கிடையாது.

துறை உயர் நீதிமன்றம் போனது. ரிட் மனு நிலுவையில் இருக்கும்போதே, 2013 ஏப்ரல் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சுக்தேவ் சிங் வழக்கில் தேவ் தத் தீர்ப்பே சரியான சட்டம் என்று உறுதி செய்து, மாறான தீர்ப்புகள் செல்லாது என்றது. எங்கள் எதிர்த்தரப்புக்கு அதற்குப் பிறகு வாதிட அதிகம் இல்லை. ரிட் தள்ளுபடி ஆனது. 2003-04 மதிப்பீடு 'வெரி குட்' என்று மாறியது. அந்த ஆண்டு இறுதியில் மறுஆய்வு டி.பி.சி. அவரைத் தகுதியானவர் என்றது.

நிலுவைக்காக மேலே போகலாமா என்று கேட்டேன். தேவ் தத் வழக்கிலேயே நிலுவைக்கு வழி வைத்திருக்கிறார்கள், வாய்ப்பு உண்டு என்றும் சொன்னேன்.

"அதை நான் 'வந்தா நல்லது'ன்னுதானே சொன்னேன் சார்," என்றார். 2014இல் கண்காணிப்புப் பொறியாளராக ஓய்வு பெற்றார்.

இன்றைய முறையில் சொற்களோடு எண்களும் வந்துவிட்டன. வேலையின் விளைவுக்கு 40 சதவீதம், தனிப்பட்ட பண்புகளுக்கு 30, செயல்திறனுக்கு 30 என்று எடை போட்டு, ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் தருகிறார்கள். 8 முதல் 10 வரை அவுட்ஸ்டாண்டிங், 6 முதல் 8க்குக் கீழ் வரை வெரி குட், 4 முதல் 6க்குக் கீழ் வரை குட். எடையும் எல்லையும் முன்கூட்டியே எழுத்தில் இருப்பது பெரிய முன்னேற்றம். ஆனால் பதவி உயர்வுக்குச் சராசரி பார்க்கும்போது 7.9 வாங்கியவருக்கும் 6 வாங்கியவருக்கும் ஒரே 7, 5.9 வாங்கியவருக்கு 5. ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு இரண்டு புள்ளி வித்தியாசமாக வீங்குகிறது. கஞ்சமாக எழுதுபவரும் தாராளமாக எழுதுபவரும் இப்போதும் இருக்கிறார்கள், அவர்கள் எண்களில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

மத்திய அரசுப் பணியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2009 மே 14ஆம் தேதி உத்தரவின்படி உங்கள் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் துறை உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் நீங்கள் மனுச் செய்யலாம். கடைசி மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும், அதிகாரி எழுதிய பத்தியையும் படியுங்கள். அவை சொல்வதற்கும் கடைசி எண்ணுக்கும் பொருத்தம் இல்லையென்றால், பெஞ்ச்மார்க்கை எட்டிவிட்டோமே என்று விட்டுவிடாமல் அந்த 15 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள்.